விழுந்த இடத்து மண்

“எந்த இடத்துலடி விழுந்த?” என்று ஆயம்மாள் மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

“ஹாஸ்டல் மாடிப்படியிலம்மா,” என்றாள் வேலுத்தாய், மூன்றாவது தடவையாக.

அவள் நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது. காரணம் மாடிப்படி இல்லை. மதுரையில் அவள் படிக்கும் பெண்கள் கல்லூரியின் கூடைப்பந்துக் கம்பம். மூன்று வருஷமாக அவள்தான் அணியின் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டு போய், யார் கூடையில் போட வேண்டுமோ அவள் கையில் சேர்ப்பவள். கைதட்டலெல்லாம் கூடையில் போட்டவளுக்குத்தான். போகட்டும். அந்தப் பந்துதான் வேலுத்தாய்க்கு ஹாஸ்டலில் இடம் வாங்கிக் கொடுத்தது. அதற்குத் தினமும் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவாள்.

வீட்டில் மட்டும் சொல்லவில்லை. அரைக்கால் சட்டை போட்டு ஓடுகிறாள் என்று போடிநாயக்கனூருக்குத் தெரிந்தால், மறுநாளே தாய்மாமன் மொக்கச்சாமி தாம்பூலத் தட்டோடு வந்து நிற்பான். பி.ஏ. முடிக்க இரண்டே மாதம். சனிக்கிழமை சாயங்காலம் இறுதி ஆட்டம். வீக்கம் வற்றட்டும் என்று இரண்டு நாள் ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். இன்று வியாழன்.

“விழுந்த இடத்து மண்ண எடுத்துத் தலையைச் சுத்தி அடுப்புல போடணும். இல்லாட்டி வீக்கம் வத்தாது. அதுவரைக்கும் நீ வாசப்படி தாண்டக் கூடாது,” என்றாள் ஆயம்மாள்.

“படி சிமிண்டும்மா. மண்ணே கெடையாது.”

“படி என்ன அந்தரத்துலயா நிக்குது? கீழ மண்ணு இருக்குமுல்ல?”

சேதி கேட்டு வந்த மொக்கச்சாமி நெற்றியை எட்டிப் பார்த்தான். “காலேசுக்குப் போனா தலைக்குள்ள அறிவு ஏறும்னாக. இங்க தலைக்கு மேலல்ல ஏறியிருக்கு! படிச்சது போதும்க்கா, நிறுத்து.”

ஆண் விழுந்தால் காயம். பெண் விழுந்தால் தோஷம். வேலுத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் விடிகாலையில், அம்மா எழும் முன்பே தெருமுனைக்குப் போய் ஒரு பிடி மண்ணை அள்ளிக் காகிதத்தில் மடித்து வந்தாள்.

“பெட்டிக்குள்ளயே இருந்துச்சும்மா. கூடப் படிக்கிறவ எடுத்துக் குடுத்தா, மறந்துட்டேன்.”

ஆயம்மாள் மகளை உட்காரவைத்து, மூன்று சுற்றுச் சுற்றி, மண்ணை அடுப்பில் போட்டாள். மண்ணோடு கிடந்த ஏலக்காய்த் தோல் தீயில் பொரிந்தது. வீடே கமகமவென்று மணத்தது.

ஆயம்மாள் மூக்கை உறிஞ்சினாள். “ஏண்டி, மதுரை ஹாஸ்டல் படிக்கட்டுல ஏலக்காயா காயப்போட்டிருக்காக? இது தெருமுனைக் கமருதீன் பாய் கடை வாசல் மண்ணுல்ல!”

“அது வந்தும்மா...”

“பொய்யி! என்னமோ மறைக்கிற. இனிமே காலேசும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா ஜக்கையன், துண்டை உதறித் தோளில் போட்டார். கமருதீன் பாய் கடையில் ஏலக்காய் மூட்டை தூக்குபவர்.

“கத்தாத ஆயம்மா. நாளைக்குக் காலை ரயிலுக்கு அவளையும் கூட்டிட்டுப் போயி, நானே மண்ணெடுத்துட்டு வர்றேன்.”

“சரி. படி லட்சணத்தையும் பாருங்க. சரியில்லைன்னா இவளையும் பெட்டியோட கூட்டிட்டு வந்துருங்க.”

ஆட்டத்துக்குப் போக வழி கிடைத்துவிட்டது. ஆனால் அப்பாவோடு!

ரயில் கிளம்பியதும் ஜக்கையன் ஆரம்பித்தார்.

“எத்தனாவது படி, ஆத்தா?”

“ஏழாவது.”

“தானாவா விழுந்த?”

“ஒருத்தி தள்ளிட்டாய்யா.”

“எந்த ஊருக்காரி?”

“திண்டுக்கல்லு.”

“இன்னைக்கு அவளையும் ரெண்டு வார்த்தை கேட்டுருவோம்.”

“அய்யோ, அவ ஊருக்குப் போயிட்டா!”

“அப்ப வார்டனம்மாவக் கேப்போம். தள்ளிவிட்ட புள்ளைக்கு லீவு எதுக்கு?”

உசிலம்பட்டியில் வடை வாங்கி, இருந்ததில் பெரியதை அவள் கையில் வைத்தார். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை. அந்தத் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஊர் சிரித்தபோது, தன் பெயரையே எழுதத் தெரியாத இந்த மனிதர்தான் அவள் பெட்டியைத் தலையில் வைத்து ஸ்டேஷனுக்குச் சுமந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தாள். புளுகின வாயில் நன்றி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. வடையைக் கடித்தாள்.

ஜட்கா கல்லூரி வாசலில் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று வருஷம் குடியிருந்த ஹாஸ்டலுக்கு மாடியே கிடையாது.

ஜக்கையன் ஓட்டுக் கட்டடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

“படி எங்க, ஆத்தா?”

மைதானத்தில் விசில் சத்தம் கேட்டது. “வேலு, வெரசா வாடி!” என்று யாரோ கத்தினார்கள்.

“படியெல்லாம் இல்லய்யா. பந்து வெளையாடி விழுந்தேன். மூணு வருஷமா வெளையாடுறேன். அரைக்கால் சட்ட போட்டுத்தான். இந்தக் காலேசுல நான் இருக்கிறதே அந்தப் பந்தாலயும் உங்களாலயும்தான். பெட்டியக் கட்டுன்னா கட்டிர்றேன். இன்னைக்கு மட்டும் ஆட விடுங்க.”

ஜக்கையன் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது வாசல் கூண்டிலிருந்து வாட்ச்மேன் ஓடி வந்தார். வேலுத்தாயை அவர் பார்க்கக்கூட இல்லை. நேரே ஜக்கையனுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

“வாங்கண்ணே! நீங்க ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஏறி உக்கார்ற வேப்பங்கொப்ப நேத்து வெட்டிப்புட்டாக. இன்னைக்காவது உள்ள வந்து, பெஞ்சில உக்காந்து மகளப் பாருங்க.”