மாமாவுக்கு நான் விளக்கிய கைனேஸ்

தெரியாததைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் நிறைய உண்டு. எனக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. நன்றாகத் தெரிந்ததைச் சொல்லித்தான் மாட்டிக்கொண்டேன்.

விராலிமலைக்குப் பக்கத்தில் விவசாயம் செய்யும் மாணிக்கம் மாமாவுக்கு ஒருவகை ரத்தப் புற்றுநோய் என்று திருச்சியில் சொல்லி, தினமும் சாப்பிட ஒரு மாத்திரை கொடுத்தார்கள். எதற்கும் காரணம் தெரிந்தாக வேண்டும் மாமாவுக்கு. நானோ அந்த நோய்க்கு மூலமான ஏபிஎல் என்ற மரபணுவைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். (கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா?)

ஏபிஎல் உண்டாக்கும் புரதம் ஒரு கைனேஸ். மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி, அவற்றை வேலைக்குக் கிளப்பிவிடும். தேவையில்லாதபோது அடங்கிக் கிடக்கும். மாமாவின் ரத்தத்தில் அந்த மரபணு உடைந்து இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டதில் அடங்கும் குணம் போய்விட்டது. வெள்ளை அணுக்கள் கணக்கில்லாமல் பெருகின.

இதை அப்படியே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"மாமா, ஒங்க போர் மோட்டார் நிக்காம ஓடுதுன்னு வைங்க. இந்த மாத்திரை அதை ஆஃப் பண்ணிரும்."

"இம்புட்டுத்தானா தாயி!" மாமாவின் முகம் தெளிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சில மாதங்களில் அணுக்கள் சரியாகின. மாமா யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். அடுத்த பரிசோதனைக்கு மாமா, அத்தையோடு நானும் துணைக்குப் போனேன். அணுக்கள் மறுபடி எகிறியிருந்தன.

"ஏன் நிறுத்துனீங்க?" என்றார் மருத்துவர்.

"மோட்டாரத்தான் ஆஃப் பண்ணியாச்சுல்லங்க. நின்ன மோட்டாரை யாராச்சும் தெனமும் போயி ஆஃப் பண்ணுவாகளா?"

"இதை யார் சொன்னா?"

அத்தை பூரிப்போடு என்னைக் காட்டினார். "எங்க டாக்டர் பொண்ணுதாங்க!"

"நீங்க எந்த ஆஸ்பத்திரி?"

"இல்ல சார்... பிஎச்.டி." (அதையாவது முடித்தாயிற்றா என்று அவர் கேட்கவில்லை, இன்னும் இல்லை என்று நானும் சொல்லவில்லை.)

மாத்திரை அந்தப் புரதத்தின் பள்ளத்தில் போய் உட்கார்ந்திருக்கும்வரைதான் அது அடங்கும், மாத்திரை தீர்ந்தால் மறுபடி கிளம்பிவிடும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். மாமாவிடம் அதை மட்டும் சொல்லவில்லை. இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று மாமாவை நானே கொன்றுவிட்டேன் என்று அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன்.

நல்லவேளை, மாத்திரையை மறுபடி ஆரம்பித்ததும் நோய் அடங்கியது. மாமா இன்றும் வயலுக்குப் போகிறார். எனக்கும் ஒருவழியாகப் பட்டம் கிடைத்தது. விசேஷ வீடுகளில் என்னைப் புது ஆட்களுக்கு அறிமுகம் செய்துவைப்பது மாமாதான்.

"எங்க டாக்டருங்க. எதைக் கேட்டாலும் நல்லா வெளங்குற மாதிரி சொல்லும். அதனால எதையும் கேட்டுராதீங்க."