அம்மனுக்கு வெல்லம்

"யம்மா, மாப்ள வூட்டு வேன் வாலாஜாபாத் தாண்டிச்சாம்!" என்று உள்ளறையிலிருந்து ரேணுகா குரல் கொடுத்தபோது, அவள் அம்மா கஸ்தூரி பீரோவுக்குள் தலையை விட்டிருந்தாள். மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய நிச்சயதார்த்த மோதிரம் அங்கே இல்லை.

தன் கையாலேயே வைத்த மோதிரம். "மோதிரத்த நான் பாத்துக்கறேன், நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று புருஷனிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வைத்தது. அந்த மனுஷன் முத்துகிருஷ்ணனோ, மாலையும் வாழையிலையும் வாங்க உத்திரமேரூர் போயிருந்தார். போன் மட்டும் டிவி மேலே உட்கார்ந்து, கூப்பிடக் கூப்பிட அங்கேயே பாடியது.

தென்னேரி மாப்பிள்ளை கோகுல்ராஜ் தங்கமான பையன். அவன் அம்மா அப்படியில்லை. முதல் தடவை வந்தபோதே ஜன்னல் கம்பியில் விரலை இழுத்துத் தூசி பார்த்த மகராசி. மோதிரம் காணோமென்றால் கல்யாணம் நிற்காது. ஆனால் ரேணுகா காலம் பூராவும் அதைக் கேட்டுக்கொண்டே கிடக்க வேண்டும்.

இதில் கூத்து என்னவென்றால், தொலைந்த சாமானைக் கண்டுபிடிப்பதில் கஸ்தூரியை அடிச்சுக்க அந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. என்ன, எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளே.

ரேணுகா கழித்துப் போட்ட லேப்டாப்பில் ஒரு விளையாட்டு இருந்தது. பனி மூடிய ஏரி, நடுவிலே ஒரு பாழடைந்த மாளிகை. நடுகை, களையெடுப்பு, சமையல் எல்லாம் முடிந்து மதியம் உட்கார்ந்தால் கஸ்தூரி அந்த மாளிகைக்குள் போய்விடுவாள். அறை அறையாக மங்கின விளக்கு. எங்கேயோ யாரோ வீணை வாசிப்பார்கள். தலைப்பாகை கட்டின காவல்காரன் வந்து குனிந்து, "மகாராணி, என் வாள் தொலைந்துவிட்டது" என்பான். திரைச்சீலை மடிப்பிலிருந்து கஸ்தூரி அதை எடுத்துக் கொடுப்பாள். மகாராணி! திருப்புலிவனத்தில் யார் அவளை அப்படிக் கூப்பிட்டார்கள்?

கண்ணுக்கு அகப்படவில்லையென்றால் அவளுக்கு ஒரு வழி இருந்தது. தொலைந்த பொருள் கிடைக்க எல்லாரும் அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வேண்டிக்கொள்வதுதானே? கஸ்தூரி மாளிகைச் சாமானுக்கும் வேண்டிக்கொண்டாள். "அம்மா தாயே, அந்த வெள்ளிச் சாவிய கண்ணுல காட்டு, ஒரு துண்டு வெல்லம் வெக்கறேன்." உடனே சாவி பளிச்சென்று தெரியும். வெல்லம்தான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

இப்போது கஸ்தூரி கூடத்தின் நடுவில் நின்று கண்ணைப் பாதி மூடினாள். மாளிகையில் அப்படிப் பார்த்தால்தான் ஒளிந்திருக்கும் பொருள் லேசாக மினுங்கும். வீடும் மெல்ல மினுங்கத் தொடங்கியது. மெத்தை உறையை உருவினாள். அரிசி டிரம்மைக் கவிழ்த்தாள். காணாமற்போன டார்ச் கிடைத்தது, கத்தரிக்கோல் கிடைத்தது, எப்போதோ தொலைந்த கொலுசுத் திருகாணிகூடக் கிடைத்தது. மோதிரம் இல்லை. கூடமெல்லாம் அரிசி.

"இன்னாம்மா பண்ணிக்கினு கீற?" ரேணுகா நைட்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல, நீ தலைய வாரு போ!"

அப்போதுதான் கஸ்தூரிக்குச் சுரீரென்று உறைத்தது. வேண்டின வெல்லத்தை வைக்காதவளுக்கு அம்மன் எப்படி மோதிரத்தைக் காட்டுவாள்? அடுப்படிக்கு ஓடினாள். பாயசத்துக்கு வாங்கி வைத்த வெல்லம் மொத்தத்தையும் அண்டாவில் கொட்டிக் கரைத்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, பானகமாக்கித் தெருவுக்கே ஊற்றினாள்.

பக்கத்து வீட்டுத் திலகா ரெண்டு சொம்பு குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள்.

"பானகம் ஊத்தறியேக்கா, இன்னா கெடச்சுது?"

"இன்னும் கெடைக்கல."

"கெடைக்காமயே ஊத்திட்டியா? நல்ல ஆளுக்கா நீ!"

விஷயம் தெரிந்ததும் திலகா புடவையை இழுத்துச் செருகினாள். "பீரோ பின்னால வுழுந்திருக்கும். வா, நவுத்தலாம்." ரெண்டு பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். பீரோ ஒரு ஆட்டம் ஆடிச் சுவரில் சாய்ந்தது. கதவு டமாரென்று சாத்திக்கொண்டது. கைப்பிடி திலகாவின் கையோடு வந்துவிட்டது.

"யம்மா!" ரேணுகா அலறினாள். "என் பட்டுப்பொடவ உள்ள கீது!"

பாயசம் போச்சு, புடவை போச்சு, மோதிரம் போச்சு. கஸ்தூரி அரிசிக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை கலவரத்திலும் மூலையில் லேப்டாப் மட்டும் அழகாக ஒரு மரப்பெட்டி மேல் இருந்தது. நாலைந்து நாள் முன்னே, கழுத்து வலிக்கிறது என்று அவள் முனகிய மறுநாள், முத்துகிருஷ்ணன் எங்கிருந்தோ கொண்டுவந்து அடியில் வைத்த பெட்டி. இந்த விளையாட்டுக்காக எந்நேரமும் திட்டுகிற மனுஷன் வாய் திறக்காமல் வைத்தாரே என்று அன்றைக்கு அவள் உருகிப்போனாள். திரையில் இப்போதும் ஏரியில் பனி நகர்ந்துகொண்டிருந்தது. கடைசி அறையில் காவல்காரன் குனிந்தபடி காத்திருந்தான்.

"தாயே," என்று கஸ்தூரி கையெடுத்துக் கும்பிட்டாள். "வெல்லமெல்லாம் பத்தாது. எம் பொண்ணுக்கு ஒரு தலைகுனிவு வரக்கூடாது. இந்த மாளிகையையே வுட்டுடறேன். இனிமே தொடமாட்டேன், இது சத்தியம்."

திரையைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பிறகு படக்கென்று மூடி, "இந்தா திலகா, உன் பொண்ணு படிக்கட்டும்" என்று தூக்கிக் கொடுத்தாள்.

லேப்டாப் நகர்ந்ததும் பெட்டியின் மூடி லேசாகத் திறந்துகொண்டது. உள்ளே சிவப்பு டப்பி. டப்பிக்குள் மோதிரம்.

"அம்மா தாயே!" என்று ரெண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

வாசலில் மாலைக் கூடையோடு முத்துகிருஷ்ணன் நின்றிருந்தார். "இன்னாடி இது, வூடு களத்துமேடு மாதிரி கீது?"

"மோதிரம் ஏன் இதுல கீது?"

"பீரோ பூட்டு லொடலொடன்னு இருந்துச்சு. நீ பொழுதுக்கும் கண்ண எடுக்காம காவல் காக்கற எடம் இந்த வூட்ல அது ஒண்ணுதான? அதான் வெச்சேன்."

"கழுத்து வலிக்குதுன்னு வெச்சீங்கன்னு நெனச்சேன் நான்!"

"அதுக்குந்தான்" என்றார் அவர், பார்வையைத் திருப்பிக்கொண்டு. பிறகு திலகாவின் இடுப்பில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தார். "அது ஏன் அங்க போவுது?"

"அவளுக்கே குடுத்துட்டேன். அம்மனுக்குச் சத்தியம் பண்ணிட்டேன், இனிமே தொடமாட்டேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

முத்துகிருஷ்ணன் டிவி மேலிருந்த போனை எடுத்து, "செங்கேணி, அத அனுப்பிடு" என்று மட்டும் சொன்னார். அப்புறம் பீரோவின் விலாவில் ஒரு உதை விட்டார். கதவு திறந்துகொண்டது. ரேணுகா புடவையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். திலகா துடைப்பத்தை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மளிகைக்கடைச் செங்கேணி வண்டியில் ஒரு மூட்டை வெல்லத்தோடு வந்து இறங்கினான். தெருக்கோடியில் வேன் ஹாரன் கேட்டது. கஸ்தூரிக்கு உயிர் வந்தது. பாயசத்துக்கென்று மூட்டையைப் பிரிக்கப் போனவளைச் செங்கேணி தடுத்தான்.

"ஐயையோ, இதுல கை வெக்காத அண்ணி, இது அம்மனுக்கு! 'வூட்ல ஒண்ணு தொலஞ்சு போச்சு செங்கேணி, கெடச்சா மூட்ட வெல்லம் வெக்கறேன்னு வேண்டிக்கினு கீறேன்'னு அண்ணன் ஆடி மாசமே சொல்லி வெச்சுது. இன்னாண்ணா தொலஞ்சுதுன்னு கேட்டா, 'எம் பொண்டாட்டிடா'ன்னுது!"