ஏலத்துக்கு வந்த வீடும் லொறியில் ஏறிய ஜின்னும்

வீட்டை ஏலத்துக்குப் போக விடுவதில்லை. போனாலும் கால் விலைக்குத் தானே பிடிப்பது. வங்கிக்காரர் படலையில் ஒட்டிவிட்டுப் போன ஏல அறிவித்தலைக் கிழித்துக் கசக்கிய கையோடு அச்சிமுகம்மது எடுத்த தீர்மானம் இது.

கல்முனைச் சந்தையில் அவரோடு விலை பேசிய எவனும் சிரித்த முகத்தோடு வீடு போனதில்லை. வெற்றிலை வாங்கப் போனால் வெயில் ஏறும்வரை பேரம் பேசுவார். வாங்கின பிறகு பாக்கைச் சும்மா கேட்பார். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், அடிபட்டுப் படித்தது மிச்சம். அப்படிப்பட்ட மனுஷனை ஒரு வங்கி வெல்லுவதா?

விஷயம் இதுதான். சூறாவளி வந்து ஊர்க்கூரைகளை அள்ளிக்கொண்டு போன வருஷம், அவர் மண்டையில் ஒரு மின்னல் அடித்தது. எல்லாருக்கும் ஓடு வேணும். ஓடு ஏற்ற லொறி வேணும். லொறிக்குக் காசு வேணும். காசுக்கு வீட்டை ஈடு வைத்தார். வீடு அவருடையதில்லை. எங்கள் கிழக்குக் கரையில் வீடு எந்தக் காலத்தில் ஆம்பிளையுடையதாக இருந்தது? நபீலாவுக்கு அவளுடைய வாப்பா சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீடு. அச்சிமுகம்மது அதற்குள் மாப்பிள்ளையாக வந்து ஏறினவர். புருஷன் முகத்தைப் பார்த்து நபீலா கையெழுத்து வைத்தாள். லொறி வந்தது. டிறைவரும் அவர்தான், முதலாளியும் அவர்தான். ஓடும் வந்தது. ஊர் மலிவான தகரத்தைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டது. ஊரார் கூரைக்கு ஓடு ஏற்றப்போனவரின் சொந்தக் கூரை ஏலத்துக்கு வந்து நின்றது.

அதுவும் எந்த நேரத்தில்! மகள் முனவ்வறாவுக்குச் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அந்த மாப்பிள்ளை வந்து ஏற வேண்டிய வீடும் இதுவேதான். வீடு போனால் கலியாணமும் போச்சு.

"பேங்குக்குப் போய் மனேஜரோட கதைப்பமா?" என்றாள் நபீலா.

"கடன்காரன் முகத்தக் காட்டினா பேங்குக்காரன் மிதிச்சுப்போடுவான் புள்ள."

"காட்டாட்டி மிதிக்க மாட்டானா?"

"ஒனக்கு யாவாரம் தெரியாது."

"ஓம். தெரிஞ்சவர்தானே கிணத்தடியில ஓட்ட அடுக்கி வெச்சிரிக்கார். அந்த லொறிய வித்தா என்ன?"

"லொறியா! அது என்ட வலக்கை!"

"ஊடு என்ட தல. கை போனாலும் ஆள் மிஞ்சும். தல போனா?"

மறுமொழி இல்லாத இடத்தில் சத்தம் போடுவது அவர் வழக்கம். போட்டார். பிறகு தன்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்று அழைக்கும் கூட்டாளி, மீன் யாவாரி கனகரெத்தினத்தைத் தேடிப் போய்த் திட்டத்தை அவிழ்த்தார்.

"ஏலத்துக்கு நாலு பேர் வந்தா விலை ஏறும். ஒருத்தனும் வராட்டி?"

"ஏன் காக்கா வராம இருக்கப் போறாங்க?"

"ஜின் இரிக்கிற ஊட்ட எவன்டா வாங்குவான்? நீ மட்டும் வா. அடிமாட்டு விலைக்குக் கேள். பிறகு என்ட பேருக்கு எழுதித் தா."

"நான் திருப்பி எழுதித் தரல்லையெண்டா?"

"நீ அப்பிடியான ஆளா?"

"இல்லத்தான். ஆனா நல்ல வீடு காக்கா. பாக்கப் பாக்க ஆசை வரும்."

கனகரெத்தினம் சிரித்தார். அச்சிமுகம்மதுவும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

அன்று அந்தியில் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு ஜின் வேலையைத் தொடங்கியது. கிணற்றடியில் குந்தியிருந்து ஓட்டுத் துண்டொன்றைக் கூரைக்கு எறிந்தது. தடால்! பக்கத்து வீட்டுப் பாத்தும்மா "யா அல்லாஹ்!" என்று ஓடிவந்தாள். முன்பக்கத்தால் சுற்றிவந்த அச்சிமுகம்மது முகத்தைச் சுண்டிக்கொண்டு சொன்னார்:

"ராத்தா, ஜின்னுட வேல போல. ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

பாத்தும்மாவிடம் இப்படிச் சொல்வதும் ஒலிபெருக்கி கட்டுவதும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிவதற்குள் கதை ஒலுவில் ஊர் வரைக்கும் போய்விட்டது. வீட்டை நோட்டம் பார்க்க வந்தவர்கள் தெருவின் எதிர்ப்பக்கத்தால் நடந்தார்கள். அச்சிமுகம்மது மீசைக்குள் சிரித்தார். லொறி ஓடாமல் வீட்டில் நின்ற நாளெல்லாம் ஒரு துண்டு, இரண்டு துண்டு எறிந்தார்.

ஒரு பின்னேரம் பாத்தும்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். முகம் சரியில்லை.

"நபீலா, மாப்பிள்ளட உம்மா அஸீஸா சொல்லி அனுப்பிரிக்கா. ஜின் குடியிரிக்கிற ஊட்டுக்கு என்ட மகன அனுப்ப மாட்டேனாம். வேற ஊடு இரிந்தா கதைக்கட்டாம்."

அறைக்குள் முனவ்வறா விம்மும் சத்தம் கேட்டது. ஏலம் கேட்க வருகிறவனை விரட்ட விட்ட ஜின் மருமகனையும் சேர்த்தா விரட்ட வேணும்? எல்லாக் கணக்கும் போட்ட அச்சிமுகம்மது இதைப் போடவில்லை. பிள்ளையின் அழுகை அவர் நெஞ்சில் ஓட்டுத் துண்டு போல் விழுந்தது.

நபீலா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். கிணற்றடியில் ஓட்டு அடுக்குக் குறைவதை அவள் முதல் நாளே கண்டவள். அதை விட்டுப் பாத்தும்மா பக்கம் திரும்பினாள்.

"ராத்தா, நீங்க ஒரு விசயம் கவனிச்சீங்களா? லொறி இஞ்ச நிக்கிற நாளையிலதான் கல் விழுது. இவர் லொறியக் கொண்டுபோற நாளையில ஒரு சத்தமும் இல்ல."

பாத்தும்மா விரலை மடக்கி யோசித்தாள். "ஓம் புள்ள! செவ்வாய்க்கிழம லொறி இல்ல, கல்லும் இல்ல!"

"அப்ப ஜின் ஊட்டுக்குள்ளயா இரிக்கி?"

"றப்பே! லொறிக்குள்ளதான் புள்ள!"

அச்சிமுகம்மது வாயைத் திறந்தார். லொறிக்குள் ஒன்றுமில்லை, எறிந்தது நான்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஊர் அவரை எறியும். வாயை மூடிக்கொண்டார்.

பாத்தும்மா வந்த வழியே பறந்தாள். அஸீஸா மனம் மாறினாள். ஜின் வீட்டை விட்டு இறங்கி லொறியில் ஏறிக்கொண்டது. மில்லுக்காரர் ஏற்றின நெல்மூட்டைகளை இறக்கிவிட்டார். சீமெந்துக் கடைக்காரர் வேறு லொறி பிடித்தார். வலக்கை வாசலில் செத்துக் கிடந்தது.

"இப்பயாவது பேங்குக்கு வாறீங்களா?" என்றாள் நபீலா.

மனேஜரின் மேசைக்கு முன்னால் அவர் சந்தைக் குரலில் தொடங்கினார்: "வட்டியில பாதியக் கழியுங்க! மத்தப் பாதியப் பிறகு கதைப்பம்!"

மனேஜர் நபீலாவைப் பார்த்தார். "வீடு உங்கட பேர்லதானே அம்மா. ஏலத்துக்கு முந்தி வந்தது நல்லம். ஒளிச்சிருக்கிற ஆக்களுக்கு என்னால ஒண்டும் செய்ய ஏலாது. பிந்தின தவணையளக் கட்டினா ஏலத்த நிப்பாட்டலாம். மிச்சத்த மாசாமாசம் சின்னச் சின்னதாக் கட்டுங்க, எழுதித் தாறன். ஒண்டு மட்டும் கவனம். 'வீட்ட நான் எடுத்துப் பிறகு உங்களுக்கே தாறன்' எண்டு யாராவது வந்தா நம்பாதீங்க. இந்த மேசையில இருந்து அப்பிடி வீடு இழந்த எத்தினையோ பேரப் பாத்திட்டன்."

அச்சிமுகம்மதுக்கு இருமல் வந்தது.

தவணைக்குக் காசு வேண்டும். லொறியை விற்றே ஆக வேண்டும். ஜின் ஏறின லொறியை வாங்க யார் வருவார்? கனகரெத்தினம் வந்தார். வந்தவர் டயரைக் காலால் தட்டினார், பெருமூச்சு விட்டார், படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். எல்லாம் அச்சிமுகம்மதுவின் சொந்த வித்தைகள்.

"அரை விலை காக்கா."

"டேய், நீ ஜின்ன நம்புறியா?"

"நான் நம்பல்ல. ஜின்னுக்கு என்ட மீன் நாத்தம் ஆகாது. ஆனா டிறைவர்மார் நம்புறாங்களே. ஒருத்தனும் ஏற மாட்டன் எண்டுறான். டிறைவர் இல்லாத லொறிக்கு முழு விலையா?"

அரை விலை தவணைக்குக் காணாது. வாழ்க்கையில் முதல்முறையாக அச்சிமுகம்மதுக்குப் பேரம் பேச நாக்கு வரவில்லை. அப்போது கதவுச் சீலைக்குப் பின்னால் இருந்து நபீலாவின் குரல் வந்தது.

"தம்பி, டிறைவர்தானே பிரச்சின? ஜின்னுக்குப் பயப்படாத ஒருத்தர் இரிக்கார். முழு விலையத் தாங்க, அவரும் லொறியோட வருவார். மாசச் சம்பளத்த மட்டும் என்ட கையில தந்திருங்க. பேங்குக்கு நானே கட்டிக்கொள்றன்."

"சரி அக்கா," என்றார் கனகரெத்தினம். அவ்வளவுதான். வெற்றிலை வாங்குகிற நேரம்கூட ஆகவில்லை.

"ஆர் அந்த டிறைவர்?" என்று கேட்டார் அச்சிமுகம்மது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

ஏலம் நின்றது. முனவ்வறாவின் கலியாணம் அதே வீட்டில், அதே கூரைக்குக் கீழே நடந்தது. அடுத்த கிழமை விடியக்காலை, கண்டிக்குப் போகும் மீன் பெட்டிகளுக்கு முன்னால் அச்சிமுகம்மது டிறைவர் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். ஒரு கேள்வி அவரை அரித்துக்கொண்டே இருந்தது. யாவாரி அல்லவா! தலையை வெளியே நீட்டினார்.

"நபீலா, உண்மையச் சொல்லு. அந்த முழு விலையில லொறிக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு போட்டாய்?"

நபீலா தேத்தண்ணிப் போத்தலை அவர் கையில் கொடுத்தாள்.

"ஒங்களுக்கு விலை போடல்ல. சும்மா சேத்துக் குடுத்தன்."