ஆற்றங்கரைக்காரர்களுக்குக் கிடையாது

ஒரு காட்டில், ஆற்றங்கரையை ஒட்டின பொந்தில், சுடலைமுத்து என்றொரு கீரி பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்தது. சிங்கராஜா அலுவலகத்தில் அதற்கு அறிவிப்பு சொல்லும் வேலை. வண்டியெல்லாம் கிடையாது, கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு நடையோ நடைதான்.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. வெள்ளத் தடுப்பு அதிகாரி கொக்கு ஓர் அறிவிப்பை நீட்டியது. "ஒரு எழுத்து மாறக் கூடாது, ஆமா."

சுடலைமுத்து தொண்டை கிழியக் கத்தியது: "அணையிலிருந்து வினாடிக்கு நாற்பதாயிரம் கன அடி உபரி நீர் திறக்கப்படுவதால், தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

"தாழ்வான பகுதியா? அது எலி வளைப் பக்கம்லா," என்றது முள்ளம்பன்றி. எலி முள்ளம்பன்றி வீட்டைக் கைகாட்டிவிட்டு, "கன அடின்னா எத்தனை குடம்?" என்று கேட்டது. கீரிக்கே தெரியாது, பாவம்.

அது வீட்டுக்கு ஓடியது. தண்ணீர் வாசலைத் தொட்டுவிட்டது. உள்ளே பேச்சியம்மாள் சாவகாசமாகக் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

"கிளம்பு பேச்சி. ஆலமர மேட்டுக்குப் போயிரலாம்."

"பக்கத்து வீட்டு முயலக்காவே இன்னும் கிளம்பல. நாம முதல்ல ஓடி, தண்ணி வராமப் போச்சுன்னா அவ மூஞ்சில எப்படிங்க முழிக்கிறது?"

முயலக்காவிடம் போனால், அது பேச்சியைக் காட்டி அதையே சொன்னது. வீட்டிலோ மூன்று குட்டிகள், இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. கீரி, கொக்கு கொடுத்த காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு மைக்கைப் பிடித்தது.

"ஆலமர மேட்டில் இலவச குக்கர் கொடுக்கிறார்கள். ஆற்றங்கரைக்காரர்களுக்குக் கிடையாது. தயவுசெய்து யாரும் வர வேண்டாம்."

அவ்வளவுதான். "எங்களுக்கு மட்டும் ஏன் கிடையாதாம்?" என்று முயலக்கா வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பியது. எலி தன் சொந்தபந்தம் அத்தனையையும் நியாயம் கேட்கக் கூட்டிப்போனது. பேச்சியம்மாள் வாயில் ஒரு குட்டி, முதுகில் இரண்டு குட்டி என்று எல்லாரையும் முந்தியது. கடைசியாக முள்ளம்பன்றி மூச்சிரைக்க மேடேறியபோது கீழே ஆற்றங்கரை என்று ஒன்றே இல்லை.

யாராவது திரும்பிப் பார்த்தார்கள் என்கிறீர்களா? மூச். சுடலைமுத்துவைச் சுற்றி வளைத்துக்கொண்டு, "குக்கர் எங்கே?" என்று ஒரே கூப்பாடு. முதல் வரிசையில் பேச்சி நின்றது. "நமக்கு அஞ்சு லிட்டர்தானே எடுத்து வச்சிருக்கீங்க?"

பொய் அறிவிப்பு சொன்னதற்காகக் கீரியைச் சிங்கராஜா வேலையை விட்டுத் தூக்கிவிட்டார். ஓர் உயிர்கூடப் போகாமல் வெள்ளத்தைச் சமாளித்ததற்காகக் கொக்குக்குப் பொன்னாடை போர்த்தினார்.

நீதி: ஊரைக் காப்பாற்ற வேண்டுமா? "ஆபத்து" என்று கத்தாதே, "உனக்குக் கிடையாது" என்று சொல். சொல்லிவிட்டு, நீ மட்டும் வேறு மேட்டுக்குப் போய்விடு.