ஏழு தலைமுறை தெரியாத படம்

எங்கள் நரீன் நகரில் ஓர் இனம் உண்டு. சுவரொட்டி ஒட்டும் ஊர்களில் எல்லாம் உண்டு. ஒரு படத்தைப் பார்த்தால் மற்றவர்கள் அழகு என்பார்கள், அல்லது அழகில்லை என்பார்கள். இவர் மட்டும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, யார் எடுத்தது என்பார். பெயர் சொன்னால் போதுமா? போதாது. என்ன நிபந்தனையில் கொடுத்தார், அவரே எடுத்ததா, யாரோ எடுத்ததை வெட்டி ஒட்டியதா, ஒட்டியதென்றால் ஒட்டப்பட்டதன் பிறப்பு என்ன, அதைக் கொடுத்தவருக்குக் கொடுக்கும் உரிமை இருந்ததா என்று, வந்த வேலையை நீங்கள் மறக்கும்வரை கேட்டுக்கொண்டே போவார். கிர்கிஸ்காரனுக்கு ஏழு தலைமுறை அப்பன் பெயர் தெரியாவிட்டால் நாங்கள் பெண் கொடுக்க மாட்டோம். படத்துக்கு மட்டும் என்ன சலுகை?

இவ்வினத்தின் முழுவளர்ச்சி பெற்ற மாதிரி, பண்பாட்டு மன்றத்தில் படங்களைச் சேர்த்துச் சுவரொட்டி செய்யும் சகினாலி. இளையவர்களுக்கு சகினாலி பைகே, அதாவது அண்ணன்.

இந்த ஆண்டு குதிரை விளையாட்டு விழாவுக்கு முதன்முறையாக ஒரு பெண் பொறுப்பேற்றிருந்தார். பெயர் அனார்கான். கூட்டம் சேரவில்லையென்றால் அடுத்த ஆண்டு பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று குழுவின் ஆண்கள் அன்போடு சொல்லியிருந்தார்கள். வெள்ளத்தில் பாலம் போய், மேய்ச்சலில் இருந்த குதிரைகள் ஆற்றைக் கடக்க முடியாததால் விழா தென்கரையிலிருந்து வடகரை மேய்ச்சல்வெளிக்கு மாறியிருந்தது; ஆட்கள் காலைப் படகுகளில் வர வேண்டும். அதை ஊருக்குச் சொல்ல ஒரே ஒரு சுவரொட்டி வேண்டும். குதிரை, மலை, கழுகு, மேலே கொஞ்சம் மேகம். வியாழக்கிழமைக்குள்.

சகினாலி பொருத்தம் பார்க்க உட்கார்ந்தார்.

கழுகு முதலிலேயே கழிந்தது. அதை எடுத்தவர், வெட்டாதே, ஒட்டாதே, உள்ளபடி வைத்தால் வை என்று எழுதியிருந்தார். அது கல்யாணம் கட்டாமலே இருக்கப் போகும் பிள்ளை. குதிரையைக் கொடுத்தவரோ, என் குதிரையைச் சேர்த்து எதைச் செய்தாலும் அதையும் இதே நிபந்தனையில் ஊருக்கே கொடுத்துவிட வேண்டும் என்றிருந்தார். மலையைக் கொடுத்தவர், எந்த நாளும் வியாபாரத்துக்கு விடக்கூடாது என்றிருந்தார். பிறக்கும் பிள்ளை எங்கள் வீட்டு வழக்கப்படிதான் வளர வேண்டும் என்று இரண்டு சம்பந்திகளும் சொன்னால் கல்யாணம் நடக்குமா? மலையைத் திருப்பி அனுப்பினார்.

குதிரையாவது மிஞ்சியது என்று அனார்கான் மூச்சுவிட்டபோது, சேணத்தின்மேல் சகினாலியின் கண் விழுந்தது. யாரோ பிறகு ஒட்டிய சேணம்.

"மூலம்ங்கிற எடத்துல 'இணையம்'னு போட்டிருக்கும்மா. இப்படி ஒரு அப்பன் எந்த ஊர்ல இருக்கான்?"

"பைகே, எங்க வீட்டுக் குதிரையவே படம் புடிச்சுத் தரேன்."

"புடி. குதிரை உன் வீட்டுக்காரர் பேர்லதான? அவர் கையெழுத்து வேணும்."

அனார்கானின் கணவர் குதிரையோடு மலைமேல் இருந்தார். இறங்க நான்கு நாள்.

மிஞ்சியது மேகம். மாசில்லாத குலம். ஒருவர் எடுத்து, ஒருவர் வெட்டி, ஒருவர் நிறம் கூட்டி, வேறு எட்டு மேகங்களோடு பலர் சேர்த்துத் தைத்த மேகம். எல்லோரும் கேட்டது தங்கள் பெயரைப் போட வேண்டும் என்பது மட்டும். சுவரொட்டியில் மேகத்துக்குக் கீழே பத்தொன்பது பெயர்கள். யார் என்ன மாற்றினார் என்ற விவரம், நிபந்தனை இருக்கும் இணைய முகவரி, கடைசியாக சகினாலி மேகத்தை இரண்டு விரல் இடப்பக்கம் நகர்த்திய செய்தி. அதற்கும் கீழே, தாள் முடியும் இடத்தில், எறும்பு உட்கார்ந்தால் மறையும் அளவில்: வடகரை.

வியாழக்கிழமை சொன்னபடி ஒட்டினார்கள். ஊர் அதன்முன் நின்று படித்தது. வம்சாவளி என்றால் எங்களுக்குப் பொறுமை அதிகம். பத்தொன்பது பேரில் நமக்குச் சொந்தம் யாராவது உண்டா என்று தேடினார்கள், இல்லை என்றார்கள், போனார்கள். தென்கரைக்கு.

ஞாயிற்றுக்கிழமை வடகரையில் பன்னிரண்டு குதிரைக்காரர்கள், நான்கு பீப்பாய் குமிஸ் என்ற புளித்த குதிரைப்பால், அனார்கான், சகினாலி. ஆற்றுக்கு அப்பால் ஊர் முழுக்கக் கம்பளம் விரித்து உட்கார்ந்திருந்தது. சிலர் கையசைத்தார்கள்.

"ஒண்ணு மட்டும் நிச்சயம்மா, நம்ம மேல ஒருத்தரும் கேஸ் போட முடியாது" என்றார் சகினாலி.

அனார்கான் ஒரு கிண்ணம் குமிஸை ஊற்றி அவர் கையில் கொடுத்தார். "குடிங்க பைகே. இது எந்தக் குதிரையோட பாலுன்னு மட்டும் கேட்டுராதீங்க."

கேட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, 'என்ன இருந்தாலும் அந்த மனிதர் சொன்னது சட்டப்படி சரிதானே' என்று உள்ளுக்குள் ஒரு குரல் முனகியிருந்தால், அடுத்த விழாவுக்கு அவசியம் வாருங்கள். அவர் பக்கத்தில் நிறைய இடம் காலியாக இருக்கும். எந்தக் கரை என்று என்னைக் கேட்காதீர்கள். சுவரொட்டியில் போட்டிருக்கும்.