வஸ்தாது எழுதிக் கொடுத்த பத்தியம்

இந்தத் தங்கவயல்லயே என் வயித்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு. சுரங்கத்துக்குள்ள இறங்கற இரும்புக் கூண்டு, அந்தக் கேஜ்ல எல்லாரையும் தலைக்கு ஒண்ணா எண்ணுவாங்க. என்னை மட்டும் ரெண்டா எண்ணுவாங்க.

"ஆபிரகாம் மேஸ்திரி வந்துட்டாருய்யா! எவனாவது ஒருத்தன் கீழ எறங்கு!"

பெல் அடிக்கிற முனியப்பன் தினமும் இப்படித்தான் கத்துவான். பத்து பேர் போற கேஜ் நான் ஏறினா ஒன்பது. இறங்கினவன் முறைப்பான், மீதி எட்டு பேரும் சிரிப்பானுங்க. முப்பது ஆளை அதட்டி வேலை வாங்கற மேஸ்திரிக்கு இது தேவையா?

ஒரு நாள் பொறுக்க முடியல. "டேய் முனியப்பா! கிறிஸ்துமஸ்சுக்குள்ள இதே கேஜ்ல பத்துல ஒருத்தனா எறங்கறேன். இல்லேன்னா இந்த மீசையை வழிச்சுடறேன்!"

என் மீசையைப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய பந்தயம்னு.

நேரா மாரிகுப்பம் போனேன். அங்கே வாசு வஸ்தாது, குஸ்தி சொல்லிக் கொடுக்கறவர். என்னைச் சுத்தி ஒருவாட்டி நடந்து பார்த்தார். அதுக்கே அவருக்கு மூச்சு வாங்கிச்சு. பத்தியமும் உடம்பு வளைக்கிற கசரத்தும் ஒரு காகிதத்துல எழுதிக் கொடுத்தார்.

எனக்குப் படிப்பு வராது. அதனால என்ன? என் பெஞ்சாதி ஞானசுந்தரி மிஷன் பள்ளிக்கூடத்துல நாலாவது படிச்சவ! எங்க அம்மா குடியாத்தத்துலேந்து ஆளை வெச்சு எழுதி அனுப்பற கடுதாசியெல்லாம் அவதான் படிச்சுக் காட்டுவா. ஒவ்வொரு கடுதாசியும் "மருமக பேச்சைத் தட்டாதே மகனே"ன்னுதான் முடியும். அம்மாவுக்கு அவமேல அப்படி ஒரு பிரியம்.

ஞானசுந்தரி காகிதத்தை வாங்கி, மனசுக்குள்ள ஒருவாட்டி படிச்சா. அப்புறம் என்னைப் பார்த்தா. அப்புறம் மூலையில இருந்த எந்திரக்கல்லைப் பார்த்தா.

"இன்னா எழுதிக்கீறாரு?"

"தினம் ரெண்டு படி ராகி அரைக்கணுமாங்க."

"ராகியா? எதுக்கு?"

"புஜத்துக்காம்."

"அப்புறம்?"

"கெணத்துலேந்து பத்து குடம் தண்ணி. இடுப்புக்காம். ஒரு கட்டு வெறகு பொளக்கணும். முதுகுக்காம்."

"சாப்பாடு?"

"களியும் கொள்ளு ரசமும். நெய்யைக் கண்ணால கூடப் பார்க்கக் கூடாதாம்."

"உனக்கு ஒண்ணும் போடலியா?"

"நான் ஒல்லியாத்தானே கீறேன்!"

ஞாயமான பேச்சு. மறுநாளே ஆரம்பிச்சேன்.

மூணு மாசம்! அரைச்சேன், சுமந்தேன், பொளந்தேன். கெணத்தடியில பொம்பளைங்க வழிவிட்டு நின்னாங்க. பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மா வாயைப் பொளந்து பார்த்தா. "அண்ணே, உங்க கையைப் பார்த்தா பயமா கீது. அப்படியே எங்க குடத்தையும் தூக்கிட்டு வந்துடுங்க." தூக்கிட்டும் வந்தேன். வயிறு உள்ளே போச்சு, தோள் வெளியே வந்துச்சு. வேட்டி இடுப்புல நிக்கல. எனக்கோ பெருமை நெஞ்சுல நிக்கல.

கிறிஸ்துமஸ்சுக்கு நாலு நாள் இருக்கறப்போ கேஜ்ல ஏறினேன். முனியப்பன் எண்ணினான். என்கிட்ட வந்து நின்னான். மேலயும் கீழயும் பார்த்தான்.

"...எட்டு, ஒன்பது, பத்து!"

பெல் அடிச்சான். ஆஹா! அந்த மணிச் சத்தம் எனக்குக் கோயில் மணியாட்டம் கேட்டுச்சு.

ஷிப்டு முடிஞ்சு மேலே வந்ததும் அத்தனை பேரும் சுத்திக்கிட்டாங்க. "மேஸ்திரி, இன்னா செஞ்சீங்க? எங்களுக்கும் சொல்லுங்க!" நான் மீசையை முறுக்கிக்கிட்டே தலைப்பாகையிலேந்து காகிதத்தை எடுத்து, ஆபீஸ் ரைட்டர் சுந்தரராஜ் கையில கொடுத்தேன்.

"சத்தமா படிங்க ரைட்டரே!"

படிச்சார். "காலையில் ஐம்பது தண்டால், நூறு பஸ்கி. தினம் இரண்டு முட்டை, கால்படி பால். ராத்திரி சோறு பாதி. அவ்வளவுதான்."

"ராகி? தண்ணி? வெறகு?"

"இதுல இல்லியே மேஸ்திரி."

முனியப்பன் சிரிச்ச சிரிப்பு, சுரங்கத்து அடியில இருந்தவனுக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்குள்ள புயலா நுழைஞ்சேன். "ஏண்டி! தண்டால்னு எழுதினதை நீ ராகின்னு படிச்சியா?"

அவ அசரல. "தண்டால் எடுத்தா வீட்டுக்கு இன்னா வருது? கல்லு சுத்தினா மாவாவது வருது."

"அந்த முட்டை, பாலு?"

"அதை நான் விடலீங்க. வஸ்தாது எழுதினதை வீணாக்கலாமா? நான் சாப்பிட்டேன்."

அப்பத்தான் பார்த்தேன். கன்னம் ரெண்டும் பளபளன்னு இருந்துச்சு.

"இனிமே ஒரு குடம் தூக்க மாட்டேன்!"

"தூக்காதீங்க. பொங்கலுக்குள்ள வயிறு வந்துடும். முனியப்பன் மறுபடியும் ஒரு ஆளை எறக்குவான். எனக்கென்ன?"

மீசையை ஒருவாட்டி தடவிக்கிட்டேன். அப்புறம் குடத்தை எடுத்தேன். எது எப்படியோ, கேஜ்ல நான் ஒரு ஆள்! அந்தப் பெருமையை எவனும் பறிக்க முடியாது. நெஞ்சை நிமித்திக்கிட்டுத்தான் கெணத்துக்கு நடந்தேன்.

பாதி வழியில கால் நின்னு போச்சு.

எங்க அம்மா கடுதாசியையும் இவதானே படிக்கறா... அந்தக் கடைசி வரி?