அணைப்புத் திணைக்களத்தில் ஒரு கொளுத்தற் பிரிவு

ஒரு நெருப்பை அணைக்க முதலில் வேண்டியது தண்ணீர் என்று நினைப்பவர்கள் அரச சேவையில் இருந்து பழகாதவர்கள். முதலில் வேண்டியது ஒரு திணைக்களம். அவுஸ்திரேலியா இதை நன்கு அறிந்திருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில், நடுப் பாலைவனத்தில் காஸ், அதாவது எரிவாயு, தேடித் துளை போட்ட இடத்தில் நிலம் இடிந்து, கோயில் கேணி அளவுக்கு ஒரு குழி விழுந்தது. குழியிலிருந்து காஸ் கிளம்பியது. ஆபத்து வேண்டாமென்று துளை போட்டவர்களே அதைக் கொளுத்திவிட்டார்கள். ஒரு கிழமையில் எரிந்து முடிந்துவிடும் என்றார்கள். கிழமை போய், வருடமும் போய், குழி எரிந்துகொண்டே இருந்தது. ஆகவே, ஆயிரம் மைலுக்கு இப்பால் சிட்னியில், ஒரு மாடிக் கட்டடத்தின் உச்சியில், எரிகுழி அணைப்புத் திணைக்களம் சகல மரியாதைகளுடனும் திறந்துவைக்கப்பட்டது.

அதில் பொறியியலாளராகச் சேர்ந்தவர் எங்கள் சச்சிதானந்தன். யாழ்ப்பாணத்துக்காரர். வேலை தற்காலிகம், 'நெருப்பு அணையும் வரை' என்பது நிபந்தனை. மனைவி ராஜகுமாரிக்கு ஏழாம் மாதம். சிட்னியின் புறநகரான பிளாக்டவுனில் அவர்கள் வாடகைக்கு எடுத்த, மெல்லிய தகட்டுச் சுவர் வைத்த ஃபைப்ரோ வீட்டில், அங்கே குளிர் தொடங்கும் மே மாதமே சில்லிட்ட சுவரைத் தொட முடியவில்லை. பிள்ளை பிறக்கும் முன் ஒரு காஸ் ஹீட்டர் வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

காஸ் வழங்கல் திணைக்களம் அந்த வேண்டுகோளை ஆழ்ந்த அனுதாபத்துடன் நிராகரித்தது. நாட்டில் காஸ் தட்டுப்பாடாம்.

"இஞ்சேருங்கோ, உங்கட குழியில இரவு பகலா எரியிற காஸ் ஆருடையது?" என்று ராஜகுமாரி கேட்டாள்.

"அது எங்கட காஸ் இல்லை. எங்கட நெருப்பு."

"அப்ப காஸ்?"

"வழங்கல்காரரின்ரை."

"அவையள் ஏன் அதை வழங்கேல்லை?"

"எரியிற காஸ் காஸ் இல்லையாம், நெருப்பாம். நெருப்பெண்டால் எங்களைத்தான் கேக்கோணுமாம்."

ராஜகுமாரி இரண்டாவது ஸ்வெட்டரையும் மாட்டிக்கொண்டாள்.

அது எரிபொருள் சேமிப்பு என்ற நாகரிகம் உலகத்தைப் பிடித்து ஆட்டிய காலம். பணக்காரர்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பிட்டுவிட்டு அதைப் பத்திரிகைக்குச் சொன்னார்கள். அணைப்புத் திணைக்களம் முன்மாதிரியாகத் தன் ஹீட்டர்களைக் கழற்றியது. அதிகாரிகள் ஓவர்கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு, நெஞ்சில் 'ஒரு சுடரையும் வீணாக்கோம்' என்ற வில்லையைக் குத்திக்கொண்டு கோப்புகளைப் புரட்டினார்கள். சுவரில் எரிகுழியின் பெரிய வண்ணப்படம் தொங்கியது. குளிர் தாங்காதவர்கள் போகிற போக்கில் அதன் முன்னால் உள்ளங்கையைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் சச்சிதானந்தன் பணிப்பாளர் பிளெட்சரிடம் போனார். குழியை மூடி, காஸைக் குழாயில் நகரத்துக்குக் கொண்டுவரலாம் என்றார்.

"மூடினால் நெருப்பு என்னவாகும்?" என்று பிளெட்சர் கேட்டார்.

"அணைந்துவிடும்."

"பிறகு நாம் எதை அணைப்பது?"

சச்சிதானந்தன் யோசித்துப் பார்த்தார். தன்னுடைய நியமன நிபந்தனையும் ஞாபகத்துக்கு வந்தது. தன் கதிரைக்குத் திரும்பினார்.

மழைக்கு இந்த நடைமுறையெல்லாம் தெரியாது. ஜூன் மாதம் பாலைவனத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டி, வெள்ளம் குழிக்குள் பாய்ந்து, நெருப்பு அணைந்தே போனது. செய்தி வந்ததும் திணைக்களம் செத்தவீடு மாதிரி ஆனது.

"யாருடைய அனுமதியோடு அணைந்தது?" என்று பிளெட்சர் கத்தினார்.

அவசரக் கூட்டம் கூடியது. திணைக்களத்தின் பங்களிப்பின்றி ஏற்பட்ட அணைவு செல்லாது என்று ஏகமனதாக முடிவாயிற்று. முறைப்படி அணைக்க வேண்டுமானால் முதலில் மறுபடி கொளுத்த வேண்டும். ஆனால் அணைப்புத் திணைக்களத்துக்குக் கொளுத்தும் அதிகாரம் இல்லை. ஆகவே அதற்குள் ஒரு கொளுத்தற் பிரிவு உருவாக்கப்பட்டது. பின்னாளில் விசாரணை வந்தால் மாட்டிக்கொள்ளும் பதவி என்பதால் வெள்ளைக்காரர் ஒருவரும் விரும்பவில்லை. நிரந்தரமாக்குவதாகச் சொல்லிச் சச்சிதானந்தனுக்கு நீட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"நெருப்பு அணைஞ்சதெண்டால் வேலை போச்சு, ஊருக்குத்தான் திரும்போணும். கொளுத்தினால் நிரந்தரம். என்ன செய்யிறது?"

ராஜகுமாரி வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"அப்ப ஏன் இஞ்ச நிக்கிறியள்? நெருப்புப்பெட்டி குசினிக்குள்ள கிடக்கு."

சச்சிதானந்தன் பதவியை ஏற்றார். கொளுத்த எல்லாம் ஆயத்தம். ஆனால் அவர் உட்பட, கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் தீக்குச்சியைத் தொட மறுத்தார்கள். அப்போதுதான் சச்சிதானந்தன் சொன்னார்: "எங்கள் ஊரில் விழா என்றால் விளக்கை ஒருவர் ஏற்றுவதில்லை. ஐந்து முகத்துக்கு ஐந்து பெரியவர்கள், ஆளுக்கொரு திரி."

பிளெட்சர் நிமிர்ந்தார். "ஐந்து பேர் கொளுத்தினால்?"

"யாரும் கொளுத்தவில்லை, சேர்."

"எவ்வளவு பழமையான நாகரிகம் உங்களுடையது!" என்று பணிப்பாளர் கண் கலங்கினார்.

வெள்ளம் வற்றியதும் விழா நடந்தது. ஆளுக்கொரு நீண்ட கம்பில் பந்தம் கட்டி, ஐந்து அதிகாரிகள் பதவி வரிசைப்படி நீட்டினார்கள். குழி பழையபடி எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பிளாக்டவுனின் நாலு தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது. தனக்கு ஒரு திரி ஒதுக்கவில்லையென்று அதன் தலைவர் அரியரத்தினத்துக்கு மட்டும் மனத்தாங்கல்.

சச்சிதானந்தனுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். ஹீட்டர் இல்லை. பிள்ளையைத் தகப்பனுடைய ஓவர்கோட்டில் சுற்றி வைத்திருந்தார்கள். நாங்களும் ஓவர்கோட்டோடு இருந்து, வெள்ளைக்காரன்ரை விசர் வேலையைச் சொல்லிச் சொல்லி வயிறு நோகச் சிரித்தோம்.

ராஜகுமாரி பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றினாள்.

"பிள்ளைக்கு நேர்த்திக்கடனோ, தங்கச்சி?" என்று அரியரத்தினம் கேட்டார்.

"இல்லை அண்ணை. அந்தக் குழி அணையக் கூடாதெண்டு."

சற்று நேரத்தில் அரியரத்தினம் தண்ணீர் குடிக்கிற சாட்டில் குசினிக்குள் போனார். அங்கே சச்சிதானந்தன் நின்றார். "தம்பி, உங்கட பிரிவில எனக்கும் ஒரு இடம்..." என்று இழுத்தது வெளியே கேட்டது. அவர் வந்ததும் அடுத்தவர் போனார். எனக்கும் தாகமெடுத்தது.

இப்போது கொளுத்தற் பிரிவில் எங்கள் ஆட்களே அதிகம். கையுறையோடு எழுதுவதால் என் எழுத்துக் கொஞ்சம் கோணல்; மன்னிக்கவும். ஹீட்டரைப் பற்றி ராஜகுமாரி பிறகு கேட்கவேயில்லை. நாங்களும் கேட்பதில்லை. காஸ் வீடுகளுக்கு வரத் தொடங்கினால், குழிக்கு என்ன மிஞ்சும்?